கடைசி ரீலில் போடாத சிலைடு

கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகுதான் பெண்கள் அதிகமாகக் கத்துவார்கள். தெரியாதவரைக்கும் பக்கத்தில் இருப்பவளிடம் குசுகுசுவென்று பேசுவார்கள், முறுக்கைக் கடிப்பார்கள், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவார்கள். தெரிந்துபோனால் அந்தப் பேச்சு நின்றுவிடும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவிநாசியில் ஒரு சினிமா கொட்டகையில், பெண்கள் பக்கத்துக் கேட்டில் பதினோரு வருஷம் நின்றவள் நான். தொண்ணூறுகளில் பாதிக்கு மேல் எனக்கு அந்த இருட்டுக்குள்தான் கழிந்தது.

டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுப்பதும், படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை டார்ச் லைட் அடித்து உட்கார வைப்பதும் என் வேலை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எந்த வீட்டுப் பெண் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவாள், யார் இடைவேளைக்கு முன்பே எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போவாள், யார் மாமியாருக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பெண்கள் பக்கத்துச் சமாசாரம் என்றால் மானேஜர்கூட என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டார். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இல்லையென்று இப்போது சொன்னால் அது பொய்.

ஒரு படத்தை இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டால் எனக்குப் போதும். அதற்கப்புறம் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். திரை வெளிச்சம் பெண்கள் முகத்தில் அடிக்கும். அழுகைப் படம் என்றால் எல்லா முகமும் ஒன்றுபோல் இருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. திகில் படம் அப்படியில்லை. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பாள். ஒருத்தி சிரிப்பாள். ஒருத்தி பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாதவள் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு ஐப்பசியில் அப்படி ஒரு படம் வந்தது. மலைமேல் ஒரு பங்களா. புதிதாகக் கல்யாணமான பெண் அங்கே இருக்கிறாள். சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு பெண்ணாகச் செத்துப்போகிறாள். கொலை செய்கிறவனின் செருப்பை மட்டும் காட்டுவார்கள், முகத்தைக் காட்டமாட்டார்கள். இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்ததும் முதல் சீனிலேயே அந்தச் செருப்பு யார் காலில் கிடக்கிறதென்று காட்டிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு வந்துபோகிற டாக்டர். வெகு சாது. பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கடைசி இரண்டு ரீல் இருக்கும்போது, அவள் சிரித்துக்கொண்டே அவனுக்குக் காபி போடப் போவாள்.

எங்கள் ஆபரேட்டருக்கு அதில் ரொம்ப வருத்தம்.

"எந்த முட்டாளுங்க்கா இப்படிப் படமெடுப்பான்? ஆளு யாருன்னு பாதியிலயே சொல்லிப்போட்டா அப்பறம் என்ன இருக்குது பாக்கறதுக்கு?" என்றார்.

"அப்பறந்தான் எல்லாமே இருக்குது. நீங்க மேல ஓட்டை வழியாப் பாத்தா என்னத்தத் தெரியும்? கீழ எறங்கி எம்பக்கத்துல வந்து நில்லுங்க. அவ காபிக்குச் சர்க்கரை போடறப்ப இவளுக கெடந்து துடிக்கறதப் பாருங்க."

"பொம்பளைக பக்கம் வந்து நின்னா மானேஜர் என்னையக் காபி போட்டுருவாருங்க்கா."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் நான் சொன்னது சரிதான். அந்தக் காபி சீனில் தினமும் யாராவது ஒருத்தி எழுந்து நின்று, "அடி பாவி, அவனுக்கு ஏண்டி காபி போடறே, கதவச் சாத்திட்டு ஓடுடி" என்று கத்துவாள். மறைத்து வைத்தது போதும் என்று அந்த டைரக்டர் சரியான இடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் நேரத்தை இழுத்ததுதான். அந்த வீட்டு மாடிப்படியை முதல் பாதியில் அவள் இரண்டு எட்டில் ஏறிவிடுவாள். கடைசியில் அதே படியை ஏற, உலையில் அரிசி ஒரு கொதி வருகிற நேரம் ஆகும். ஏறி முடித்ததும் ஒரு பூனை குதிக்கும். எல்லாரும் அலறிவிட்டு, பூனைதானே என்று சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் விளக்கு அணையும். இங்கே இவள் இருட்டில் தடவிக்கொண்டிருக்க, அங்கே புருஷனுடைய ஜீப் மலைப்பாதையில் மர லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும். இங்கே கொஞ்சம் காட்டுவார்கள், அங்கே கொஞ்சம் காட்டுவார்கள். பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. அந்த அமைதியில் முந்நூறு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். தினமும் அதற்காகவே அந்த நேரத்தில் உள்ளே போய் நிற்பேன்.

இனிமேல் சிலைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு போன் கிடையாது. படம் பார்க்க வந்தவருக்கு அவசரமாக ஒரு செய்தி சொல்ல வேண்டுமென்றால், வந்தவர் மானேஜரிடம் சொல்வார். ஆபரேட்டர் ஒரு சின்னக் கண்ணாடியில் மசியைப் பூசிக் குச்சியால் கீறி எழுதுவார். இன்ன ஊர் இன்னாருடைய மனைவி உடனே வெளியே வரவும் என்று அது திரையில் ஒரு மூலையில் விழும். யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யார் தோட்டத்தில் மாடு கிணற்றில் விழுந்தாலும் சிலைடுதான். ஆனால் ஒருதரம் சண்டைப் படத்தில் உச்சக்கட்டம் ஓடும்போது, வழியை அடைத்து நிறுத்திய வண்டியை எடுக்கச் சொல்லிச் சிலைடு போட, ஆண்கள் பக்கத்தில் பெஞ்சை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து மானேஜர் ஒரு சட்டம் போட்டார். கடைசி இரண்டு ரீலில் சிலைடு கிடையாது.

அந்தத் திகில் படம் வந்த இரண்டாம் வாரம், ஒரு மதியக் காட்சி. காபி சீன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கத்துகிற சத்தம் வெளியே கேட்கிறது. முப்பது வயதிருக்கும் ஒருவர், தோளில் துண்டோடு, பெண்கள் கேட்டுக்கு வந்தார். வாசலில் ஒரு டாக்சி நின்றிருந்தது.

"ஏனுங்கக்கா, உள்ளார என்ற தங்கச்சி படம் பாத்துட்டு இருக்குதுங்க. கொஞ்சம் கூப்புடோணுமுங்க."

"எந்த ஊட்டுப் புள்ளைங்க?"

அவர் சொன்னார். விசைத்தறிக்காரர் வீட்டு மருமகள், தாராபுரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். பக்கத்து வீட்டுக்காரியோடு வந்திருந்தாள். நான்தான் டிக்கெட் கிழித்தேன்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலீங்க. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில இருக்குது. முந்தாநேத்து இவ வந்து பாத்தப்ப, ரெண்டு நாள்ல ஊட்டுக்கே போயிரலாமுன்னாங்க. இன்னைக்குக் காலைல இருந்து மோசமாப் போச்சுங்க. புள்ளையத்தான் கேட்டுட்டே இருக்குது. ஒரு சிலைடு போடச் சொல்லுங்க."

"சிலைடு எதுக்குங்க? எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்கல்ல. நீங்க இப்படி நில்லுங்க, நான் கையோட கூட்டியாறேன்."

மானேஜர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று போய்ச் சொல்லியிருந்தால், சட்டமாவது ஒன்றாவது என்று அவரே ஓடிப்போய்ச் சிலைடு போடச் சொல்லியிருப்பார். நான் அவரிடம் போகவே இல்லை. என் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட எனக்குச் சிலைடு வேண்டுமா என்ற எண்ணம்.

உள்ளே போய் டார்ச் அடிக்காமலே அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். நான்காவது வரிசை, தூணை ஒட்டிய சேர். பின்னாலிருந்து அவள் தோளுக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் திரையில் அந்தப் பெண் முதல் படியில் காலை வைத்தாள்.

இவள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் ஒரு சத்தமில்லை. இப்போது தொட்டால் இவள் அலறுவாள், இவளோடு முந்நூறு பேரும் அலறுவார்கள், படியேறிப் போகட்டும், அப்புறம் தொடலாம் என்று கையை எடுத்துக்கொண்டேன். அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். படியேறி முடிந்தது. பூனை குதித்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்போது தொட்டிருக்கலாம், யாரும் அலறியிருக்க மாட்டார்கள். தொடவில்லை. விளக்கு அணையப்போகிறது என்று எனக்குத் தெரியும். விளக்கு அணையும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். நான் பக்கவாட்டில் நகர்ந்து, திரைக்கு முதுகைக் காட்டி, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றுகொண்டேன்.

எனக்கு நேரே அவள் முகம். அவள் அம்மா அங்கே கிடப்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் பயந்ததெல்லாம் திரையில் இருக்கிறவளுக்காக. இத்தனை வருஷம் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு மற்ற எல்லா முகத்தையும் விட்டுவிட்டு அதை மட்டுமே பார்த்தேன் என்பதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

கேட்டுப் பக்கம் திரைச்சீலை அசைந்தது. அண்ணன்காரர் அவசரப்பட்டு வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சீலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜீப் வந்து சேர்ந்தது. டாக்டர் மாடியிலிருந்து விழுந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். விளக்கைப் போட்டார்கள்.

"எந்திரி கண்ணு, உங்கண்ணன் வந்திருக்கறாரு" என்றேன்.

"அண்ணனா?" என்று சிரித்தாள். "எங்கண்ணன் படத்துக்கெல்லாம் வராதேக்கா! யாரு இழுத்துட்டு வந்தது?" என்று பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து முழங்கையால் இடித்தாள்.

வாசலில் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் டாக்சியில் ஏறினாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்பார், என்ன சொல்லலாம் என்று நான் யோசித்து வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். "கால் மணி நேரமுங்க்கா. இவுங்க போறதுக்குக் கால் மணி நேரத்துக்கு முன்னாலதான் உசுரு போயிருக்குது. கடைசி வரைக்கும் கதவையே பாத்துட்டு இருந்துச்சாமுங்க." நான் காபி சீனிலிருந்து கடைசி வரைக்கும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கால் மணிக்கு மேலேயே இருந்தது. அடுத்தவளின் டிக்கெட்டைக் கிழித்தேன்.

தை மாசம் பிறந்து அவள் வந்தாள். படத்துக்கு வரவில்லை. கேட்டுக்கு வெளியே சுவரோரமாக, கூட்டம் உள்ளே போகிறவரைக்கும் நின்றாள். ஆளே பாதியாக இருந்தாள்.

"ஏனுங்க்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். எங்கண்ணன் அன்னைக்கு எந்தச் சீன்ல வந்துச்சு?"

 அவளே சொன்னாள்.

"டாக்சிக்காரரு அப்பாகிட்ட, அரை மணி நேரம் வண்டி நின்னுதுன்னு சொல்லியிருக்கறாரு. அப்பா அண்ணனக் கேட்டாங்க. உள்ளார சொல்லியுட்டுட்டு நின்னேன்னு சொல்லுச்சு. அத்தோட உட்டுருச்சு. அப்பா என்ன நெனச்சுக்கிட்டாங்க தெரியுமுங்களா? எங்கிட்டச் சொல்லியும் நான் படம் முடியற வரைக்கும் எந்திரிக்கலைன்னு நெனச்சுக்கிட்டாங்க்கா. கருமாதிக்குப் போனப்ப ஒறம்பரை சனம் பூரா இருக்கறாங்க. எங்க அத்தை கேக்குறாங்க, 'ஏம்மணி, உங்கம்மாவ எடுக்கறதுக்கு முன்னால இடைவேளை உட்டாங்களா'ன்னு. அப்பா கேட்டுட்டே உக்காந்திருந்தாங்க. இன்னைய வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. என்ற கையால தண்ணி வாங்கறதில்ல."

"காபி போடற சீன்ல வந்தாரு கண்ணு" என்றேன்.

அவள் விரலை மடக்கினாள். "அப்பறம் படியேறுச்சு. பூனை. லைட்டு நின்னுது. லாரி. அத்தனையுமுங்களா?"

"அத்தனையுந்தான். நான் உம்பக்கத்துலயே நின்னேன். சொல்லல."

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கூட வந்து எங்கப்பாகிட்ட இதச் சொல்லுவீங்களா?" என்றாள்.

வருகிறேன் என்று உடனே சொல்லவில்லை. எட்டு நாள் இழுத்தேன். யார் வீட்டு வாசலிலும் தலைகுனிந்து நின்றவளில்லை நான். என் வீட்டுக்காரர் போன பிறகும் நின்றதில்லை. அந்த எட்டு நாளும் கேட்டில் நிற்கிறபோது, அவள் வந்து சுவரோரமாக நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வரவில்லை. வந்து கெஞ்சியிருந்தால் ஒருவேளை போகாமல் இருந்திருப்பேன். ஒன்பதாம் நாள் லீவு சொல்லிவிட்டு நானே அவள் வீட்டுக்குப் போய், "கெளம்பு கண்ணு" என்றேன்.

திருப்பூர், காங்கயம் என்று பஸ் மாறித் தாராபுரம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அவர்கள் ஊரில் இறங்கும்போது உச்சி வெயில். வழியெல்லாம் அவள் என்னோடு நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. டிக்கெட்டை மட்டும் எனக்கும் சேர்த்து அவளே எடுத்தாள். 

அவள் அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "வாங்கம்மணி" என்று எழுந்து நாற்காலியைக் காட்டினார். அண்ணன்காரர் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். அவர் மனைவி சமையல்கட்டு நிலைப்படியில் முறத்தில் புடைத்துக்கொண்டு நின்றாள். என்னோடு வந்தவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் இன்னார் என்று சொல்லி ஆரம்பித்தேன். படம் எப்படிப்பட்டது, சிலைடு என்றால் என்ன, மானேஜர் போட்ட சட்டம் என்ன என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். டாக்சி வந்து நின்றதைச் சொன்னேன். இருட்டுக்குள் போனதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நிலைப்படியில் முறம் நின்றுவிட்டது. பெரியவர் முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "தோளுக்குக் கை போச்சுங்க" என்றேன். அங்கே நிறுத்தினேன்.

தொண்டை அடைத்து நிறுத்தவில்லை. நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் நிறுத்தினேன். அது எனக்கே தெரிந்தபோது உட்கார்ந்திருந்த இடத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மணி, கதை சொல்லாதீங்க. என்ற புள்ளைகிட்ட எப்பச் சொன்னீங்க?"

"படம் முடிஞ்சு லைட்டுப் போட்டப்பறமுங்க."

"அதுக்கு முன்னால?"

"சொல்லலீங்க."

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. எனக்குத்தானுங்க தெரியும்."

"ஏஞ் சொல்லல?"

"படம் நல்ல எடத்துல இருந்துச்சுங்க."

 அவர் என்னைத் திட்டவில்லை. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.  மாடு தட்டு மெல்லுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் துண்டை எடுக்காமலே, "கண்ணு" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து சத்தமில்லை. இன்னொருதரம் கூப்பிட்டு, "சித்தத் தண்ணி கொண்டா" என்றார்.

அவள் சொம்போடு வந்தாள். அவர் வாங்கிக் குடித்தார். பாதியை மேலே சிந்திக்கொண்டார். அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாசக்கணக்கில் வைத்திருந்த அழுகை. நான் எழுந்தேன். யாரும் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அண்ணன்காரர் பின்னாலேயே வந்தார். வேப்பமர நிழலில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றோம்.

"என்னையச் சொல்லலீங்களே" என்றார்.

"உங்கப்பா கேக்கலீங்க."

"நான் கூப்புட்டிருக்கலாமுங்க. பக்கத்துலதான் இருந்துச்சு. ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதும்." தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டே, "அந்தப் புள்ள தப்பிச்சப்ப எல்லாரும் கை தட்டுனாங்களே. நானும் தட்டிப்போட்டனுங்க" என்றார்.

நான் அவர் கைகளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரிடம் நான் அவரை விட்டுவிட்டுச் சொன்னது இரக்கத்தினாலா, இல்லை எதையாவது ஒன்றைச் சொல்லாமல் கையில் வைத்துக்கொண்டே பழகிப்போனதாலா என்று எனக்கே பிடிபடவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடட்டுங்களா?" என்று கேட்டார்.

"என்ற பங்கை நான் சொல்லிப்போட்டனுங்க" என்றேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, பஸ் கிளம்புகிறவரைக்கும் அங்கேயே நின்றார்.